கெட்டது லென்ஸா, அடாப்டரா? பழைய லென்ஸ்களோடு ஒரு புதிய மிரர்லெஸ் கேமரா: நிகழ்வு ஆய்வு

புதிய மிரர்லெஸ் கேமரா (உள்ளே ஆடும் மிரர் இல்லாத வகை) வாங்கியவர்கள் பழைய லென்ஸை ஓர் அடாப்டர் வளையத்தில் மாட்டி நாலு படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "இந்தக் காலத்து சென்சாருக்கு இந்த லென்ஸெல்லாம் தாங்காது" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். லென்ஸை விசாரிக்கிறார்கள், சென்சாரை விசாரிக்கிறார்கள், நடுவில் இருக்கும் உலோக வளையத்தை மட்டும் யாரும் விசாரிப்பதில்லை. அது வெறும் இணைப்புதானே, உள்ளே கண்ணாடி கூட இல்லையே, அது என்ன செய்துவிடும் என்ற நினைப்பு. கண்ணாடி இல்லாவிட்டாலும் லென்ஸ் சென்சாரிலிருந்து எவ்வளவு தூரத்தில், எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. நண்பர் ஒருவருடைய லென்ஸ் பெட்டி முழுவதையும் சோதித்துப் பார்த்ததில் இது தெளிவாகவே தெரிந்தது, அதனால் விவரமாக எழுதுகிறேன்.

நிலைமை இதுதான். கேமரா நிக்கான் இசட்6 வரிசையில் ஒன்று, ஃபுல் ஃபிரேம், 24 மெகாபிக்சல். பெட்டியில் இருந்தவை: நிக்கார் 24 மி.மீ. எஃப்/2.8, நிக்கார் 105 மி.மீ. எஃப்/2.5 (இரண்டும் நிக்கானின் பழைய ஏஐ வகை, மேனுவல் ஃபோகஸ்), ஏஎஃப் 50 மி.மீ. எஃப்/1.8டி, ஏஎஃப்-எஸ் 70-300 விஆர் (விஆர் என்றால் லென்ஸுக்குள்ளேயே இருக்கும் நடுக்கத் தடுப்பு), எம்42 திருகு மவுண்டில் (மவுண்ட் என்றால் லென்ஸை மாட்டும் இணைப்பு) சூப்பர் டாகுமார் 50 மி.மீ. எஃப்/1.4, அதே மவுண்டில் ஒரு ஹீலியோஸ் 44-2. அடாப்டர்கள் மூன்று. நிக்கானின் பழைய எஃப் மவுண்ட் லென்ஸை இசட் உடலில் மாட்டும் சாதாரண உலோக வளையம் ஒன்று, எம்42-ஐ நேராக இசட்டில் மாட்டும் வளையம் ஒன்று, பழைய டிஎஸ்எல்ஆர் (மிரர் உள்ள கேமரா) காலத்தில் வாங்கிய எம்42-இலிருந்து எஃப்புக்குப் போகும் மெல்லிய வளையம் ஒன்று.

புகார்களும் வரிசையாக இருந்தன (லென்ஸ்களை இனி மி.மீ. எண்ணாலேயே சொல்கிறேன், 50டி என்பது அந்த ஏஎஃப் 50). 24-இல் இடது பக்கம் மங்கல், எஃப்/8 வைத்தால்தான், அதாவது அப்பர்ச்சர் என்ற ஒளித் துளையைச் சுருக்கினால்தான், சரியாகிறது. டாகுமார் மஞ்சளடிக்கிறது, போதாததற்கு வெளிச்சமான இடத்தில் படம் வெளுத்துப்போகிறது. டிஎஸ்எல்ஆரில் இருந்தபோதே அதில் தூரக் காட்சி எதுவும் ஷார்ப்பாக வந்ததில்லை. 50டி-யிலும் 70-300-இலும் ஆட்டோ ஃபோகஸ் இல்லை, ஜூமில் விஆரும் வேலை செய்யவில்லை. 105 மட்டும் நல்ல லென்ஸ் என்று சொன்னார். மற்றதையெல்லாம் விற்றுவிட்டு இசட் லென்ஸ்களாக வாங்கிவிடலாம் என்ற எண்ணத்தில் இருந்தார்.

இந்த 105 மட்டும் நல்லது என்ற வரிதான் எனக்கு உறுத்தியது. ஏன் என்று கீழே வருகிறேன்.

முதலில் தூரக் கணக்கு

லென்ஸ் மவுண்டின் உலோக முகத்துக்கும் சென்சாருக்கும் இடையே உள்ள தூரம் ஒவ்வொரு கேமரா முறைக்கும் ஒரே எண்ணாக நிர்ணயிக்கப்பட்டிருக்கும். நிக்கான் எஃப் (1959 முதல்) 46.5 மி.மீ., எம்42 45.46, கேனான் ஈஎஃப் 44, கேனான் எஃப்டி 42. நடுவில் ஆடும் மிரருக்கு இடம் விட வேண்டியிருந்ததால் எல்லாமே பெரிய எண்கள். மிரர்லெஸ்ஸில் அந்த மிரர் இல்லை, ஆகவே சோனி ஈ 18, கேனான் ஆர்எஃப் 20, நிக்கான் இசட் 16 என்று குறைந்துவிட்டது. மிச்சமாகும் இடத்தை ஒரு வெற்று வளையத்தால் நிரப்பினால் பழைய லென்ஸ் தனக்குப் பழக்கமான தூரத்திலேயே நிற்கும். எஃப் லென்ஸுக்கு இசட்டில் 30.5 மி.மீ. வளையம், எம்42-க்கு 29.46. பழைய லென்ஸ்களுக்கு மிரர்லெஸ்ஸில் மறுவாழ்வு கிடைத்ததற்குக் காரணம் இந்தக் கழித்தல் கணக்குதான், வேறு மாயம் எதுவும் இல்லை.

டாகுமாரின் பழைய புகார் இங்கேயே தீர்ந்துவிட்டது. எம்42 லென்ஸுக்கு வேண்டியது 45.46, நிக்கான் எஃப் உடலில் இருப்பதே 46.5. வளையத்துக்கு எந்தத் தடிமனும் இல்லை என்று வைத்துக்கொண்டாலும் லென்ஸ் 1.04 மி.மீ. முன்னால் தள்ளியே நிற்கும். ஒரு லென்ஸ் முன்னால் தள்ளி நின்றால் அதன் குவியத் தூரத்தின் (50 மி.மீ. லென்ஸுக்கு 50) வர்க்கத்தை அந்தத் தள்ளலால் வகுத்தால் கிடைக்கும் தூரத்துக்கு அப்பால் ஃபோகஸ் ஆகாது: 50 × 50 = 2500, அதை 1.04-ஆல் வகுத்தால் சுமார் 2400 மி.மீ. அதாவது 2.4 மீட்டருக்கு அப்பால் அந்த லென்ஸுக்கு உலகமே கிடையாது. இத்தனை வருடம் மலையும் மரமும் மங்கலாக வந்ததற்கு லென்ஸ் பொறுப்பில்லை. இதைச் சரிக்கட்ட நடுவில் ஒரு சின்னக் கண்ணாடி வைத்த வளையங்களும் உண்டு, அவை தூரத்தைத் தரும், கூடவே ஷார்ப்னஸில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். அந்த மெல்லிய வளையத்தை எடுத்து ஓரமாக வைத்தோம். நேர் வளையத்தில் டாகுமார் தொடுவானம் வரை ஃபோகஸ் ஆனது.

24-இன் இடது பக்கம்

இதற்குத்தான் அதிக நேரம் ஆனது, இந்த ஆய்வின் மையமும் இதுதான்.

ஒரு பக்கம் மட்டும் மங்கல் என்றால் சந்தேகப்பட மூன்று பேர் உண்டு: லென்ஸுக்குள் ஏதாவது கண்ணாடி சாய்ந்திருக்கலாம், வளையத்தின் இரண்டு முகங்களும் இணையாக இல்லாமல் இருக்கலாம், அல்லது கேமராவின் மவுண்டோ சென்சாரோ சாய்ந்திருக்கலாம். ஒரே லென்ஸை மட்டும் வைத்துக்கொண்டு இதைப் பிரித்துச் சொல்லவே முடியாது. முக்காலியில் கேமராவை வைத்து, தூரத்தில் வரிசையாக நிற்கும் கட்டடங்களைப் பார்க்க வைத்து, அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, நடுவில் பெரிதாக்கி ஃபோகஸ் செய்து எடுத்தோம். முதலில் கேமராவோடு வந்த இசட் 24-70 எஃப்/4 லென்ஸ், வளையம் இல்லாமல்: இரண்டு பக்கமும் சமம். கேமரா விடுதலை. அப்புறம் அதே வளையத்தில் 105-ஐ மாட்டி, அதே கட்டடங்களை எஃப்/2.5-இல் எடுத்தோம். இடது பக்கம் மங்கல்!

நல்ல லென்ஸ் என்று பெயர் எடுத்த 105-இலும் அதே பக்கத்தில் அதே நோய். அதுவரை வெளியே தெரியாததற்குக் காரணம் எளிது. 105-ஐ அவர் முகங்கள் எடுக்க மட்டுமே பயன்படுத்தினார். முகம் நடுவிலோ சற்று ஓரத்திலோ இருக்கும், பின்னணி எப்படியும் கலங்கியிருக்கும், இடது ஓரம் ஷார்ப்பா என்று எவரும் பார்ப்பதில்லை. 24-இல்தான் ஓரம் முதல் ஓரம் வரை தூரக் காட்சி எடுக்கிறோம், மாட்டிக்கொண்டது அது. சாய்வு என்பது அகலக் கோண லென்ஸுக்கு மட்டுமான நோய் என்று பலரும் நம்புகிறார்கள். அது சரியில்லை, சென்சார் பக்கத்தில் எவ்வளவு பிழை தாங்கும் என்பது அப்பர்ச்சர் எண்ணைப் பொறுத்தது, குவியத் தூரத்தைப் பொறுத்ததல்ல. ஒரே எஃப் எண்ணில் 24-உம் 105-உம் சாய்வுக்கு ஒரே மாதிரிதான் அடிபடும்.

லென்ஸ் மாறியும் நோய் மாறவில்லை என்றால் மிச்சம் இருப்பது வளையம். வெர்னியர் காலிப்பரால் சுற்றிலும் அளந்தோம். 30.5 இருக்க வேண்டிய இடத்தில் எங்கேயுமே 30.5 இல்லை. ஒரு பக்கம் சுமார் 0.1 மி.மீ. குறைவு, எதிர்ப்பக்கம் சுமார் 0.2 குறைவு. இரண்டு தனித்தனிப் பிழைகள் இவை: மொத்தத்தில் மெலிவு, அதோடு சாய்வு.

சாய்வைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 60 மி.மீ. அகல வளையத்தில் 0.1 மி.மீ. வித்தியாசம் என்றால், 36 மி.மீ. அகலச் சென்சாரில் ஓர் ஓரம் சுமார் 0.03 மி.மீ. முன்னாலும் மறு ஓரம் அதே அளவு பின்னாலும் போகும். அதாவது 30 மைக்ரான். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேமில் ஒரு பிக்சல் சுமார் 6 மைக்ரான். பிக்சல் அளவில் ஷார்ப்பாக இருக்க எஃப்/2.8-இல் தாங்கும் பிழை 2.8 × 6, கிட்டத்தட்ட 17 மைக்ரான்தான். எஃப்/8-இல் அது 48 ஆகிவிடுகிறது. 17-க்கு 30 அதிகம், 48-க்கு 30 அடங்கும். "எஃப்/8 வைத்தால் சரியாகிறது" என்ற புகாரை எண்கள் அப்படியே ஒப்புக்கொள்கின்றன. (இரண்டு ஓரமும் சமமாகத்தானே விலகுகிறது, ஏன் இடது மட்டும் என்று கேட்கலாம். நடுவில் ஃபோகஸ் செய்யும்போது நாம் அணுவளவு ஒரு பக்கம் சாய்த்து நிறுத்திவிடுகிறோம், லென்ஸின் பரப்பும் முழுத் தட்டை இல்லை, ஆகவே ஒரு பக்கம் தப்பித்துக்கொள்கிறது, மறு பக்கம் இரட்டிப்பாக வாங்கிக்கொள்கிறது.)

இனி மெலிவு. சாதாரண வளையங்களைத் தயாரிப்பவர்கள் வேண்டுமென்றேதான் கொஞ்சம் மெலிதாகச் செய்கிறார்கள். தடித்துவிட்டால் தூரம் ஃபோகஸ் ஆகாது, வாங்கியவர் உடனே திருப்பிக்கொடுப்பார். மெலிந்தால் லென்ஸ் தொடுவானத்தையும் தாண்டித் திரும்பும், யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் தூர அளவுகோல் பொய்யாகிவிடும். சராசரியாக 0.15 மி.மீ. மெலிவு என்றால், மேலே சொன்ன அதே கணக்கில், 24-இல் தொடுவானம் ஷார்ப்பாகும் இடம் ஃபோகஸ் வளையத்தில் சுமார் 3.8 மீட்டர் குறி, 50-இல் 17 மீட்டர் குறியை ஒட்டி, 105-இல் 70 மீட்டருக்கும் மேல், அதாவது முடிவிலிக் குறிக்குப் பக்கத்திலேயே. 105-இல் இது கண்ணுக்கே தெரியாது. 24-இல் ஃபோகஸை எண் பார்த்து வைப்பவர் பாடு திண்டாட்டம்தான்.

24-க்கு இதில் இன்னொரு தனிச் சிக்கலும் இருக்கிறது. இந்த வரிசை 24 எஃப்/2.8, 1967-இல் வந்தபோதே கிட்டத் தூரத் திருத்தம் என்ற அமைப்போடு வந்தது. ஃபோகஸ் வளையத்தைத் திருப்பும்போது உள்ளே கண்ணாடிக் கூட்டங்களுக்கு இடையேயான இடைவெளியும் சேர்ந்து மாறும். ஆகவே லென்ஸ் 3.8 மீட்டரில் இருப்பதாக நினைத்துத் தன் உள்வரிசையை அதற்கேற்ப அமைத்துக்கொள்கிறது, நாமோ தொடுவானத்தை எடுத்துக்கொண்டிருக்கிறோம். நடுவில் வித்தியாசம் தெரியாது, மூலைகளில்தான் முதலில் இளகும். இத்தகைய மிதக்கும் அமைப்புள்ள எந்த அகலக் கோண லென்ஸுக்கும் வளையத்தின் தடிமன் உயிர்நாடி.

காலிப்பர் இல்லாதவர்களுக்கு ஒரு வழி: தூரப் பொருளை நன்றாகப் பெரிதாக்கி ஃபோகஸ் செய்துவிட்டு லென்ஸின் தூரக் குறி என்ன காட்டுகிறது என்று பாருங்கள். குவியத் தூரத்தின் வர்க்கத்தை அந்தக் குறியால் (மி.மீ. கணக்கில்) வகுத்தால் வளையம் எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பது தோராயமாக வந்துவிடும். அகலக் கோண லென்ஸில் செய்யுங்கள், அதில்தான் குறி நன்றாக விலகும்.

கடைசியாக, நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரை (எஃப் லென்ஸை இசட்டில் மாட்ட நிக்கானே செய்தது, மின் தொடுமுனைகள் உள்ளது) இரவல் வாங்கி அதே 24-ஐ மாட்டினோம். எஃப்/2.8-இலேயே இரண்டு ஓரமும் சமம், தொடுவானம் முடிவிலிக் குறியில். லென்ஸ் மேல் ஒரு குற்றமும் இல்லை. தூர மூலைகள் எஃப்/2.8-இல் கொஞ்சம் இளகல்தான், அது அந்த லென்ஸின் இயல்பு, எஃப்/5.6-க்கு வந்தால் போய்விடுகிறது.

மின்சார வழியில்லாத லென்ஸுக்கோ வேறு வளையமே கிடைக்காத மவுண்டுக்கோ, வளையத்தைக் காப்பாற்றவும் முடியும். பெரும்பாலான வளையங்களில் முகத் தகடு சின்னத் திருகுகளில் நிற்கும். அதைக் கழற்றி, குறைவான பக்கத்தில் மெல்லிய உலோகத் தாள் துண்டு வைத்து, திருகுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி, மறுபடி அளக்க வேண்டும். பொறுமை வேண்டும். ஒரே மூச்சில் ஒரு திருகை முழுக்க முறுக்கினால் புதிதாக ஒரு சாய்வு வந்து சேரும்.

டாகுமார்

மஞ்சளுக்குக் காரணம் வயதோ அழுக்கோ இல்லை. ஏழு கண்ணாடி கொண்ட சூப்பர் டாகுமார் 50 எஃப்/1.4-இல் தோரியம் கலந்த கண்ணாடி இருக்கிறது. அதன் கதிரியக்கமே வருடக்கணக்கில் கண்ணாடியைப் பழுப்பாக்குகிறது. படம் எடுக்கக் கையில் வைத்துக்கொள்வதில் பயப்பட எதுவும் இல்லை, லென்ஸைப் பிரித்துக் கண்ணாடியைத் தேய்க்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். புற ஊதா விளக்கில் சில நாள் வைத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். இதுவும் தெளிந்தது. வெயிலில் வைப்பவர்களும் உண்டு, ஆனால் லென்ஸ் வெயிலைக் குவிக்கும், பக்கத்தில் தீப்பிடிக்கும் பொருள் இருக்கக்கூடாது. நிறத்தை வெண் சமநிலையில் திருத்திக்கொள்ளலாமே என்றால், ஆகும், ஆனால் நீலத்தில் வெளிச்சம் குறைந்துபோனதைத் திருத்த முடியாது, நிழல் பகுதிகளில் இரைச்சல் ஏறும்.

மஞ்சள் போன பிறகும் வெளுப்பு போகவில்லை. இருட்டு அறையில் லென்ஸை வளையத்தோடு கையில் பிடித்து, ஒரு விளக்கைப் படச்சட்டத்துக்கு வெளியே வரும் மாதிரி பக்கவாட்டில் வைத்து, பின்பக்கத்திலிருந்து உள்ளே பார்த்தோம். வளையத்தின் உள்சுவர் பிறைபோலப் பளபளத்தது. கறுப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் சாய்வாக விழும் வெளிச்சத்துக்குச் சாதாரணக் கறுப்புப் பூச்சு முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரிதான். லென்ஸ் சென்சாரை விடப் பெரிய வட்டமாக வெளிச்சத்தை வீசுகிறது, மிச்சம் அந்தச் சுவரில் பட்டு சென்சாருக்குத் திரும்புகிறது. உள்சுவரில் வெல்வெட் மாதிரியான கறுப்புத் தாளை வெட்டி ஒட்டினோம், வெட்டிய விளிம்பிலிருந்து நார் உதிராதபடி நன்றாகத் துடைத்துவிட்டு. லென்ஸுக்கு முன்னால் ஹூடும் போட்டோம். அதே இடத்தில் அதே வெளிச்சத்தில் எடுத்த படங்களில் கறுப்பு கறுப்பாக வந்தது. மிச்சம் இருக்கும் மென்மை எஃப்/1.4-இல் அந்த லென்ஸின் குணம், எனக்கு அது பிடிக்கும்.

மின்சார விஷயங்கள்

இது சுருக்கமானது. வெற்று வளையத்தில் தொடுமுனைகள் இல்லை, ஆகவே 70-300-க்குக் கேமரா இருப்பதே தெரியாது: மோட்டார் ஓடாது, விஆர் ஓடாது. எஃப்டிஇசட்டில் மாட்டியதும் மூன்றும் (அப்பர்ச்சரையும் சேர்த்து) வந்தன. 50டி-யில் மோட்டாரே கிடையாது, டிஎஸ்எல்ஆர் உடலில் இருந்த திருகு மோட்டார்தான் அதை ஓட்டியது. எஃப்டிஇசட்டுக்குள் அந்த மோட்டார் இல்லை. வெளிச்ச அளவும் அப்பர்ச்சரும் வேலை செய்யும், ஃபோகஸ் கையால்தான். கேனான்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, ஈஎஃப் மவுண்ட் 1987-இல் பிறந்ததிலிருந்தே எல்லாம் மின்சாரம், அந்த லென்ஸ்கள் 24 மி.மீ. தடிமனுள்ள ஆர்எஃப் அடாப்டரில் அப்படியே ஓடுகின்றன. சோனி ஏ மவுண்டில் இதேபோல உடலின் திருகு மோட்டாரால் ஓடும் லென்ஸ்களுக்கு எல்ஏ-ஈஏ5 அடாப்டருக்குள் மோட்டார் வைத்துக் கொடுத்தார்கள், அதுவும் ஏ7ஆர் IV, ஏ6600 முதலான சில உடல்களில்தான் அந்த மோட்டார் ஓடும். வாங்குமுன் லென்ஸின் பெயரில் இருக்கும் எழுத்துகளைப் படித்துவிடுவது நல்லது, நிக்கானில் ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி என்று இருந்தால் ஆட்டோ ஃபோகஸ் உண்டு, வெறும் ஏஎஃப் என்றால் இல்லை.

எம்42 லென்ஸ்களில் இரண்டு சின்ன விஷயம். டாகுமாரின் பக்கத்தில் ஏ, எம் என்று ஒரு பொத்தான் இருக்கும், எம்-இல் வைத்தால்தான் அப்பர்ச்சர் வளையத்துக்கு இலைகள் கட்டுப்படும். ஹீலியோஸ் 44-2-இல் பொத்தான் இல்லை, இரண்டு வளையம், ஒன்றில் எண்ணை நிர்ணயித்து மற்றதால் மூடித் திறக்க வேண்டும். திறந்து ஃபோகஸ் செய்து மூடி எடுப்பதற்காகவே செய்தது. ஆனால் மிரர்லெஸ்ஸில் நான் அப்படிச் செய்வதில்லை, எடுக்கப்போகும் எண்ணிலேயே பெரிதாக்கி ஃபோகஸ் செய்கிறேன், ஏனென்றால் இப்படிப்பட்ட பழைய வேக லென்ஸ்கள் பலவற்றில் அப்பர்ச்சரை மூடும்போது ஃபோகஸ் சற்று நகரும். ஃபோகஸ் பீக்கிங்கை (ஷார்ப்பான விளிம்பைத் திரையில் வண்ணத்தால் காட்டும் வசதி) எஃப்/1.4-இல் நம்ப வேண்டாம். அது மாறுபாடு இருக்கும் விளிம்பையெல்லாம் வண்ணம் பூசிவிடும், கண்ணிமையும் காதும் ஒன்றாகவே ஒளிரும்.

உடலுக்குள் இருக்கும் நடுக்கத் தடுப்புக்குக் குவியத் தூரத்தைக் கையால் சொல்ல வேண்டும். மெனுவில் 24 என்று இருக்கும்போது 105-ஐ மாட்டினால் தடுப்பு போதாது. 105 என்று இருக்கும்போது 24-ஐ மாட்டினால் தேவைக்கு மேல் தள்ளி, தானே நடுக்கத்தை உண்டாக்கும். நண்பரின் 105 படங்கள் சிலவற்றில் இருந்த இரட்டைக் கோடு மெனுவில் எண் பொருந்தாமல் இருந்ததால் வந்ததுதான்.

முடிவில் எது தங்கியது

எஃப்டிஇசட் ஒன்று வாங்கினார். 24, 105, 70-300 மூன்றும் அதில் ஓடுகின்றன, 70-300-ஐ மாட்டும்போது பிடி லென்ஸுக்கு அடியில் இருக்க வேண்டும், உடலை மட்டும் பிடித்துத் தொங்கவிடக்கூடாது. சாய்ந்த வளையத்தை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று முடிவு. டாகுமாரும் ஹீலியோஸும் தாள் ஒட்டிய எம்42 வளையத்தில் தங்கிவிட்டன. ஹீலியோஸ் பின்னணியைச் சுழற்றிவிடும் அந்தக் குணத்துக்காகவே தங்கியது, மற்றபடி அதன் மூலைகளைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை.

50டி-யை மட்டும் விற்கச் சொன்னேன். வளையமும் சரி, லென்ஸும் சரி, இதில் எதன் மீதும் தவறில்லை. ஆனால் ஆட்டோ ஃபோகஸ் போன பிறகு கையால் திருப்ப அதன் ஃபோகஸ் வளையம் மெல்லியது, தளர்வானது, சுழற்சி குறைவு, கையால் ஃபோகஸ் செய்வதற்கென்று செய்த 105-இன் பக்கத்தில் வைத்துத் திருப்பிப் பார்த்தால் வித்தியாசம் விரலுக்கே தெரியும். முழுக்கத் திறந்தால் ஓரங்களில் இசட் 50 எஃப்/1.8 இதைவிட நெடுந்தூரம் முன்னால் நிற்கிறது. ஆட்டோ ஃபோகஸுக்காக அவர் தினமும் எடுப்பது 50-தான் என்பதால், புதிய லென்ஸுக்குப் பணம் போக வேண்டிய ஒரே இடம் அதுதான்.